வீட்டு முற்றத்தில் பிரேக் பேட் மாற்றுவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய வட ஆற்காட்டு ஊர்களில் ஸ்போர்ட்ஸ் கார் என்பது பத்தாண்டுகளுக்கு முன்பு வரை நெடுஞ்சாலையில் சென்னைக்கோ பெங்களூருக்கோ பறந்து போகும் ஒரு சத்தம் மட்டுமே. இன்று அவ்விரு நகரங்களிலிருந்தும் இரண்டாம் கையாக வாங்கிய கார்கள் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வீட்டு செட்டுகளில் நிற்கின்றன. காரின் விலை பாதியாகக் குறைந்தாலும் அதன் பராமரிப்புச் செலவு குறைவதில்லை. ஆகவே சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுகப் பிடித்து வண்டியை நிறுத்தும் பேடுகளையாவது நாமே மாற்றிக்கொள்ளலாமா என்று பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

சத்துவாச்சாரி வாசகர்: பழைய போர்ஷே பாக்ஸ்டர், 987 வரிசை, வாங்கியிருக்கிறேன். முன்சக்கர பேடுகளை வீட்டிலேயே மாற்ற முடியுமா? அலுவலக நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

முடியும். சொல்லப்போனால், இந்தக் காரில் உள்ள நான்கு பிஸ்டன் கொண்ட அசையாக் காலிப்பர் (பேடுகளைப் பிஸ்டன்களால் டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி), சாதாரண கார்களின் நகரும் காலிப்பரைவிடப் பேட் மாற்றுவதற்கு எளிதானது. உங்கள் நண்பர்கள் பயப்பட வேண்டியது காலிப்பரை நினைத்து அல்ல, ஜாக்கியை நினைத்து.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே ஒரு பொருளைத் தேடி எடுங்கள். திருட்டைத் தடுப்பதற்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு போல்ட் தனி வடிவத்தில் இருக்கும். அதைக் கழற்றும் சாவித்துண்டு இரண்டாம் கை கார்களில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், அது இல்லையென்றால் மற்ற எல்லாக் கருவிகளும் இருந்தும் பயனில்லை. அடுத்தது தரை. கெட்டியான சிமெண்டுத் தளம் வேண்டும். சித்திரை வெயிலில் இளகிய தார்ச்சாலையில் ஜாக்கியின் கால் மெல்லப் புதைந்து சாயும். வேறு இடமே இல்லையென்றால் ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள பலகையை ஜாக்கிக்கு அடியில் போட்டு, விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். சக்கர போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிட்டு, பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து, அதன் பிறகே தூக்க வேண்டும். தூக்கியதும் எடை ஸ்டாண்டின் மேல் அமர வேண்டும், ஜாக்கியின் மேல் அல்ல. நம் ஊர்களில் ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கற்களை அடுக்கும் பழக்கம் உண்டு. அந்தக் கல் எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கக் கூடியது என்பதால், அதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன். கழற்றிய சக்கரத்தையும் படுக்கவைத்துக் காரின் விளிம்புக்கு அடியில் தள்ளிவையுங்கள்; ஸ்டாண்டு சரிந்தாலும் உங்கள் கை தப்பும்.

இனி பேட். கிளிப்பை எடுத்து, குறுக்குக் கம்பியைத் தட்டி வெளியேற்றினால் தகட்டு ஸ்பிரிங் கழன்றுவிடும். பேடின் தேய்மானத்தைச் சொல்லும் சென்சார் வயரை உடைக்காமல் மெல்ல நெம்பி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பேடை மட்டும் உருவி, அந்தப் பக்கத்துப் பிஸ்டன்கள் இரண்டையும் ஒன்றாக உள்ளே தள்ளி, புதிய பேடைச் செருகிய பிறகே எதிர்ப்பக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒருசேர உருவினால், ஒரு பிஸ்டனைத் தள்ளும்போது மற்றொன்று வெளியே வந்து நிற்கும். இந்த மாடலில் பேடின் முதுகில் ஒட்டியிருக்கும் அதிர்வுத் தடுப்புத் தகடுகள் பிஸ்டனின் குழிக்குள் நுழைந்திருப்பதால், பேட் வர மறுக்கலாம். அதற்காகக் காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால், அதை ஹோஸ் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டித் தாங்குங்கள்.

பிஸ்டன் உள்ளே போகும்போது அதன் பின்னால் இருந்த பிரேக் ஆயில் மேலேறித் தொட்டியை நிரப்பும். இடையில் யாராவது 'குறைந்திருக்கிறதே' என்று ஊற்றி வைத்திருந்தால் வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். எனவே முன்கூட்டியே ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்; சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கழற்றிய பழைய பேடுகளைக் குப்பையில் போடுவதற்கு முன் நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். வேலையின் பாதிப் பயன் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் வளையம், பிரேக் மிதிக்கும்போது சற்றே முறுக்கிக்கொண்டு, காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிப் பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. டிஸ்க்கிலிருந்து பேட் விலகுவது இதனால்தான். ஒரு பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அங்கே பிஸ்டன் துருவாலோ அழுக்காலோ திரும்பாமல் நிற்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் புதிய பேடைப் போட்டால் அதுவும் அதே மூலையில் அதே வேகத்தில் தேயும். நகரும் காலிப்பர் உள்ள கார்களில் உட்பேடு மட்டும் கரைந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சறுக்குக் கம்பிகளை.

இறுதியாக, சக்கர போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே முடுக்குங்கள். உங்கள் காருக்கு 130 நியூட்டன் மீட்டர். ஃபோர்டு மஸ்டாங்கின் ஆறாம் தலைமுறைக்கோ 204. 'கால் வைத்து ஒரு மிதி' என்கிற நம் பட்டறை அளவு இரண்டுக்கும் பொருந்தாது.

குடியாத்தம் வாசகர்: பேடுகளை மாற்றி முடித்ததும் பெடல் அடிவரை போய்விட்டது. ஏர் புகுந்துவிட்டதா?

குழாயையோ ஏர் எடுக்கும் நிப்பிளையோ நீங்கள் திறக்கவில்லை என்றால், ஏர் புகுவதற்கு வழியில்லை. தள்ளிவைத்த பிஸ்டன்கள் இன்னும் பேடைத் தொடவில்லை, அவ்வளவுதான். வண்டியை நகர்த்துவதற்கு முன், நின்ற இடத்திலேயே பெடலைக் கெட்டியாகும்வரை நிதானமாகப் பலமுறை மிதிக்க வேண்டும். பிறகு ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். தொழில் கற்ற காலத்தில் இதை மறந்துவிட்டு ஒரு காரைப் பின்னோக்கி எடுத்தேன். பெடல் தரையைத் தொட்டது, கார் போய் வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியைத் தொட்டது. தொட்டி உடைந்ததற்கு முதலாளியம்மாவிடம் நான் வாங்கிய திட்டைப் பின்னாளில் எந்தப் பயிற்சி வகுப்பும் மிஞ்சவில்லை.

இருபது முப்பது முறை மிதித்தும் பெடல் பஞ்சுபோல் அமுங்கினால், அது வேறு செய்தி. அப்போது வண்டியைச் சாலையில் இறக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்து ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: ஏலகிரியிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக்கில் புகை வந்து, பெடலும் இளகிவிட்டது. ரேஸ் கார்களுக்கான பேட் போட்டால் சரியாகுமா?

சரியாகாது, நீங்கள் பயப்படும் இடத்தில் அது மேலும் மோசமாகலாம். ரேஸ் பேடுகள் நன்றாகச் சூடேறிய பிறகே முழுப் பிடி தருபவை. வீட்டிலிருந்து புறப்பட்டு முதல் வேகத்தடையில் மிதிக்கும்போது, குளிர்ந்த நிலையில், சாதாரண பேடைவிடக் குறைவாகவே பிடிக்கும்.

நடந்தது என்ன என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 1500 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது பிரேக்குகள் ஏறக்குறைய 5.8 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்குகின்றன. அதே கார் 600 மீட்டர் உயரத்தைப் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அந்தத் தொகை சுமார் 88 லட்சம் ஜூல். அதாவது நெடுஞ்சாலை வேகத்திலிருந்து பதினைந்து முறை அடுத்தடுத்து முழுமையாக நிறுத்தியதற்குச் சமம். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகத்தானே இறங்கினோம் என்று நீங்கள் நினைக்கலாம். மெதுவாக இறங்கும்போது காற்று குறைவாக வீசுவதால் டிஸ்க் ஆறுவதும் குறைகிறது.

புகையும் இளகிய பெடலும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் அல்ல என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்க மறுக்கும். பெடல் இளகுவதோ ஆயில் கொதித்து, அதில் நீராவிக் குமிழிகள் உண்டானதால். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையிலோ அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் காரின் ஆயிலை முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பது தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று கருதி இப்போதே மாற்றிவிடுங்கள். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. டாட் 5.1 போடுவதும் சரியே, ஆனால் டாட் 5 என்று எழுதிய புட்டியைத் தொடாதீர்கள். அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

மலையிறக்கத்தில், ஏறும்போது போட்ட கியரையே போட்டு, எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடித்து, பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாகச் சிறிது நேரம் மிதித்து முழுதாக விடுங்கள். தொடர்ந்து லேசாக மிதித்தபடி இறங்குவதுதான் பேடைக் கருக்குகிறது. ஒருமுறை புகைந்த பேடின் முகம் கண்ணாடிபோல் மினுங்கினாலோ, ஓரத்தில் பொடிந்தாலோ அதை மாற்றிவிடுவதே நல்லது.

ஆற்காடு வாசகர்: பி.எம்.டபிள்யூ இசட்4 காரில் புதிய பேட் போட்டும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை.

பேடோடு சென்சாரையும் மாற்றினீர்களா? அந்தச் சென்சாருக்குள் ஒரு மெல்லிய கம்பி. பேட் எல்லை வரை தேயும்போது அந்தக் கம்பியும் டிஸ்க்கில் உரசி அறுந்துவிடும். அறுந்ததைப் புதிய பேடில் செருகினாலும் அறுந்தது அறுந்ததுதான். உங்கள் காரில் முன்இடது சக்கரத்திலும் பின்வலது சக்கரத்திலும் ஒவ்வொன்று இருக்கும். புதிதாகப் போட்ட பிறகு சர்வீஸ் மெனுவில் பிரேக் கணக்கை மறுபடி தொடங்கச் செய்ய வேண்டும்.

சோளிங்கர் வாசகர்: டிஸ்க்கில் வரிவரியாகக் கோடு விழுந்திருக்கிறது. புதிய டிஸ்க் விலை அதிகம். லேத் பட்டறையில் கொடுத்துத் தேய்த்துக்கொள்ளலாமா?

பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பாலை இருக்கிற ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி. வார்ப்பிரும்பின் அருமை உங்கள் ஊரில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி ஏழெட்டு இடங்களில் அளந்து பாருங்கள். வெர்னியர் வேண்டாம், அதன் தாடை விளிம்பில் உள்ள துருமேட்டில் உட்கார்ந்து உங்களை ஏமாற்றும். தேய்த்த பின்னும் அந்த எல்லைக்கு மேல் போதிய அளவு மிஞ்சும் என்றால் தேய்க்கலாம். ஸ்போர்ட்ஸ் காரில் பெரும்பாலும் மிஞ்சாது. மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தேக்கிக்கொள்ளும் கொள்ளளவையும் இழந்திருக்கும். மேலே திருப்பத்தூர் வாசகருக்குச் சொன்ன கணக்கு அதில் இன்னும் வேகமாக நிகழும். நகம் சிக்காத அளவுக்கு மெல்லிய கோடுகள் என்றால் லேத்தும் வேண்டாம், புதிய டிஸ்க்கும் வேண்டாம். பேட் படிந்து ஓடும்.

துளையிட்ட டிஸ்க் என்றால் துளைக்குத் துளை வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். வெடிப்பு விளிம்பைத் தொட்டிருந்தாலோ, இரண்டு துளைகளை இணைத்திருந்தாலோ அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது.

ஆம்பூர் வாசகர்: புதிய பேட் போட்டது முதல் மெதுவாக நிறுத்தும்போதெல்லாம் கிறீச் என்கிறது. கிரீஸ் எங்கே தடவ வேண்டும்?

பேடின் இரும்பு முதுகிலும், அது காலிப்பரில் உட்காரும் இரு காதுகளிலும், பிரேக்குக்கென்றே விற்கும் உயர்வெப்பக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். உராயும் முகத்தில் ஒரு துளியும் படக் கூடாது. ஆனால் உங்கள் சத்தத்துக்குக் காரணம் கிரீஸ் இன்மையாக இல்லாமல், பேடைப் பழக்காமல் விட்டதாகவும் இருக்கலாம். பேடின் பொருள் சீரான மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிந்தால்தான் பிடியும் சரியாக இருக்கும், சத்தமும் அடங்கும். பேட் தயாரித்தவர் வேறு முறை சொல்லாவிட்டால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, மிதமான அழுத்தத்தில், எட்டுப் பத்து முறை இடைவெளி விட்டுக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், பிறகு பத்து நிமிடம் பிரேக்கைக் கூடியவரை தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பேடோடு பெடலை அழுத்தியபடி சிக்னலில் நின்றால், அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் பொருள் ஒட்டிக்கொண்டு பின்னாளில் ஸ்டீயரிங் நடுங்கும். 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தத் திட்டுதான்.

இதற்கு நான்குவழிச் சாலை ஏற்றதல்ல. பின்னால் வரும் கண்டெய்னர் லாரிக்கு நீங்கள் பேட் பழக்குவது தெரியாது. ஞாயிறு விடியலில் கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கம் போகலாம். பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கும் வேண்டாம், கிரிவலத்துக்குப் போகும் வண்டிகள் நெருங்கி வரும்.

காட்பாடி மாணவர்: பின்சக்கரத்தில் ஜி-கிளாம்ப் வைத்து எவ்வளவு முறுக்கியும் பிஸ்டன் உள்ளே போகவில்லை.

உடனே நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே அமைந்த கார்களில் பிஸ்டனின் பின்னால் திருகுமரை இருக்கும். அதைச் சுழற்றிக்கொண்டே அழுத்த வேண்டும். அதற்கான கருவிப்பெட்டி தனியாகக் கிடைக்கிறது. பொத்தானால் இயங்கும் மின் ஹேண்ட் பிரேக் என்றால், முதலில் ஸ்கேனர் மூலமோ கையேட்டில் சொன்ன முறையிலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோய் மோட்டாரைப் பின்வாங்கச் செய்யாமல் பிஸ்டனைத் தொடக் கூடாது. மேலே சொன்ன பாக்ஸ்டர் போன்ற கார்களில் ஹேண்ட் பிரேக்குக்குப் பின்டிஸ்க்கின் உட்புறத்தில் தனி லைனர் உண்டு, அங்கே இந்தச் சிக்கலே இல்லை.

வாணியம்பாடி வாசகர்: கழற்றிய காலிப்பரை மண்ணெண்ணெயில் கழுவலாமா? பிரேக் கிளீனர் ஸ்பிரே விலை கட்டுப்படியாகவில்லை.

கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் எதுவாயினும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்து கெடுத்துவிடும். ஸ்பிரே இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்டுப் பூட்டுங்கள். பிரேக் தூசியை வாயாலோ கம்ப்ரசர் காற்றாலோ ஊதாதீர்கள். நனைத்துத் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.