பால் சுறாவா, சுறாக் குட்டியா?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்துத் தூண்டில் படகுகளில் பல ஆண்டுகள் சுறாவுக்குப் போனவன் நான். இப்போது கரையில்தான் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி (மதுரை): அண்ணா, சிறிய சுறாவாகப் பார்த்து வாங்கினால் கடலுக்கு நல்லது என்கிறார்களே?

பாதிதான் சரி. பால் சுறா சிறிய இனம். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும், சீக்கிரம் பருவத்துக்கும் வரும். ஆனால் சந்தையில் 'பால் சுறா' என்று கூவி விற்கும் கூடையில், மூன்று மீட்டருக்கு வளர வேண்டிய கொம்பன் சுறாவின் குட்டியும் கிடக்கும். கொம்பனைச் சுத்தியல் போன்ற அதன் தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். தலையை வெட்டியிருந்தால்தான் சிக்கல்.

மீனைப் புரட்டிப் போடுங்கள். மார்புத் துடுப்புகளுக்கு நடுவே கீறல் போல ஒரு தழும்பு தெரிந்தால், அது தொப்புள். பிறந்து அதிக நாள் ஆகியிருக்காது. எந்த இனமானாலும் வாங்காதீர்கள். ஆண் மீன் என்றால் வயிற்றடித் துடுப்பை ஒட்டி விரல் போல இரண்டு உறுப்புகள் இருக்கும். அவை நீண்டு விறைப்பாக இருந்தால் பருவம் வந்த மீன். குட்டையாக, கொழகொழவென்று இருந்தால் குட்டி. வியாபாரி முறைப்பார். முறைக்கட்டும்.

மத்தி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீனல்ல இது. பால் சுறா ஒரு சூலில் சில குட்டிகள்தான் போடும்.

கேள்வி (சென்னை): சுறா பிடிப்பதே குற்றமா, ஐயா?

இல்லை. எல்லாச் சுறாவுக்கும் தடை கிடையாது. திமிங்கலச் சுறாவுக்கும், ரம்பம் போல மூக்கு நீண்ட வேளா மீனுக்கும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. 2022 திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசக் கூடாது என்பது 2013 விதி. 2015 முதல் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை. துடுப்புக்கு வெளிநாட்டில் கிடைத்த விலைதான் எங்கள் ஆட்களையும் பேராசைக்காரர்களாக்கியது. அதை மறைக்க மாட்டேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): உடம்பளவு நீள வால் உள்ள சுறா வலையில் விழுந்தால்?

இலங்கையில் அதற்கு 2012 முதல் தடை. உயிரோடிருந்தால் விட்டுவிடுங்கள். செத்திருந்தாலும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது.

கேள்வி (திருச்சி): என் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. சுறாப்புட்டு தரலாமா?

பால் சுரக்கும் என்று நம் வீடுகளில் தருவது வழக்கம்தான். என் மனைவிக்கும் என் அம்மா செய்து கொடுத்தார். ஆனால் பெரிய சுறாவின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவையே தவிர்க்கச் சொல்லும் மருத்துவ அறிவுரை உண்டு. உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். என் மகளுக்கு நான் மத்திதான் வாங்கிக் கொடுத்தேன்.

கேள்வி (கோவை): என்ன கழுவினாலும் நெடி போவதில்லையே?

சுறாவின் உடம்பில் யூரியா உண்டு. மீன் செத்ததும் அது அமோனியாவாக மாறத் தொடங்கும். படகிலேயே இரத்தம் வடித்து, குடலெடுத்து, ஐஸில் வைத்திருந்தால் நெடி அவ்வளவாக வராது. மூக்கில் சுருக்கென்று ஏறும் மீனை மஞ்சளும் புளியும் காப்பாற்றாது, வாங்காமல் வந்துவிடுங்கள். நல்ல மீனை மஞ்சள் போட்டு வேகவைத்தால், மணல் போலச் சொரசொரக்கும் தோல் கையோடு உரிந்து வரும். பிறகு உதிர்த்து, பிழிந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போட்டு வதக்குங்கள். தேங்காய்ப்பூ போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் போடுவதில்லை.