அப்பத்தா மோதிரத்துல அம்மாவோட வைரம்: பதிக்கும்போது கல் உடைஞ்சா யாரு பொறுப்பு?

திருமங்கலத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. இறந்துபோன அம்மாவோட ஒத்தக்கல் தோட்டு வைரத்த அப்பத்தாவோட பழைய மோதிரத்துல பதிக்கச் சொல்லி மதுரையில ஒரு கடையில குடுத்து, 1,500 ரூபா அட்வான்ஸும் கட்டியிருக்காங்க. மூணு வாரம் கழிச்சுப் போய்ப் பாத்தா கல்லோட ஓரத்துல சில்லு போயிருக்கு. "பழைய கல்லும்மா, நாங்க பொறுப்பில்ல, மீதிக் கூலியக் குடுத்துட்டு வாங்கிக்கங்க"ன்னு கடைக்காரர் சொல்றாரு, அண்ணன் வேற "என்னையக் கேக்காம எப்படிக் குடுத்த"ன்னு சண்டைக்கு வர்றாராம்.

சகோதரி, அம்மா நெனப்பா வச்சிருந்த கல்லு, உங்க மனசு எனக்குப் புரியுது. நீங்க அனுப்பின ரசீது போட்டோவப் பாத்தேன், "பழைய மோதிரம் 1, கல் 1" அம்புட்டுத்தான் இருக்கு, எடை எத்தன சென்ட்டு (நூறு சென்ட்டு ஒரு கேரட்), அளவு எத்தன மில்லிமீட்டர், குடுக்கும்போது பழுது இருந்துச்சா எதுவுமே எழுதல, உங்க கேஸ்ல வீக்கான இடம் இதுதான். அதனால தோடு வாங்கின பில்லு, அடகு வச்ச சீட்டு, பழைய போட்டோ எது இருந்தாலும் தேடி எடுங்க.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 151-ஆவது பிரிவுப்படி, ஒருத்தர் பொருள வேலைக்கு வாங்கினவங்க அத தன் பொருள் மாதிரி கவனமாப் பாத்துக்கணும், சேதமானா கவனமாத்தான் இருந்தோம்னு காட்ட வேண்டியது கடைக்காரர்தான். வைரம் கெட்டிதான், ஆனா வாகான இடத்துல அடி பட்டா பொளந்துரும், வேற ஒரு கல்லுக்காகச் செஞ்ச பழைய குழியில ஆழமான கல்ல வச்சு கம்பிய அழுத்தினா ஓரம் போகத்தான் செய்யும், இது தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியாம இருக்காது. லென்ஸ் வச்சுப் பாத்து, இது உக்காராதும்மான்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்ல? ரசீதுக்குப் பின்னாடி "சேதத்துக்குப் பொறுப்பல்ல"ன்னு அச்சடிச்சுட்டா மட்டும் எல்லாம் தீந்துறாது.

கூலி விஷயத்துல, அதே சட்டத்துல 170-ஆவது பிரிவுக்கு உதாரணமே பட்டை தீட்டக் குடுத்த வைரம்தான், வேலைய ஒழுங்கா முடிச்சவரு கூலி வர்ற வரைக்கும் கல்ல வச்சுக்கலாம். உங்க வேலை ஒழுங்கா முடியலையே. இருந்தாலும் கல்லு கைக்கு வர்றதுதான் இப்ப முக்கியம், "ஆட்சேபணையோட கட்டுறேன்"னு ரசீதுல எழுதி வாங்கிட்டு மீதியக் குடுத்துருங்க. வாங்குறப்ப அவங்க முன்னாடியே கல்லத் தனியா எடை போடச் சொல்லி வீடியோ எடுங்க, அப்புறம் வைரம் சோதிக்கிற லேப்ல காட்டுங்க. கல்லயே மாத்தியிருந்தா அது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆவது பிரிவு, போலீசுக்குப் போகலாம். சில்லு போனதுக்கு மட்டும்னா போலீஸ் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் அனுப்பிட்டு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடுங்க, 2 வருஷம் டைம் இருக்கு, நீங்க குடுத்த கூலி 5 லட்சத்துக்குள்ளதான், அதனால ஃபீஸ் கிடையாது.

அண்ணன் விஷயம். இந்து வாரிசுச் சட்டப்படி, அம்மா உயில் எழுதாம போயிருந்தா அவங்க நகையில பிள்ளைங்க எல்லாருக்கும், அப்பா இருந்தா அவருக்கும் சம பங்கு. ஆனா உயிரோட இருக்கும்போதே அம்மா தன் கையால உங்களுக்குக் குடுத்திருந்தா அது உங்களோடது, நகைய கையில குடுத்தாலே தானம் செல்லும், பத்திரம் தேவையில்ல. அந்தத் தோட்ட நீங்க போட்டிருக்குற போட்டோ அம்மா இருந்த காலத்துது ஒண்ணு கெடச்சாக் கூட பெரிய பலம்.

இன்னொண்ணு, "தேச்சு சரி பண்ணித் தர்றோம்"னு கடையில சொன்னா ஒத்துக்காதீங்க. தேச்சா எடையும் போகும், அந்தச் சில்லுங்கிற சாட்சியும் போயிரும்.