மங்கு

அன்புள்ள அக்கா,

ஜூன் விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே சாலைச் சந்திப்புகளில் போக்குவரத்து விளக்குகளை இயக்கும் பெட்டிகள்மேல் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். ஒன்றில் கிளி, இன்னொன்றில் யாரோ ஒரு பாட்டியின் முகம். என் மகன் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தான். திரும்பிச் சிங்கப்பூர் வந்தால், எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்து மின்சாரப் பெட்டியில் சமூக ஓவியம் என்ற பெயரில் நான்கு இனப் பிள்ளைகள் கைகோத்து நிற்கிறார்கள், சுற்றிலும் ஆர்க்கிட் பூ. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதெல்லாம் கலையா? நம் சட்டம் கெடுபிடியாக இருப்பதால்தானே இப்படி? மகனுக்கு இங்கே நல்ல சுவரோவியம் எங்கே காட்டலாம்?

ஈசூன் வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆர்க்கிட் என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓர் ஊதா ஆர்க்கிட் ஓடிக்கொண்டிருக்கிறது.

கலையா இல்லையா என்ற பேச்சை விடுங்கள், அதில் எனக்கு ஆர்வம் கிடையாது. சட்டத்தின் மேலும் பழியைப் போடாதீர்கள். 1966-இல் சிங்கப்பூரில் வந்த நாசவேலைச் சட்டம் கடுமையானதுதான், அனுமதியில்லாமல் பொதுச் சொத்தில் கிறுக்கினால் பிரம்படி வரை போகலாம். 2012-இல் சாலையில் எழுதியதற்கும், பாதசாரிகள் அழுத்தும் பொத்தான்மேல் ஸ்டிக்கர் ஒட்டியதற்கும் தெரு ஓவியர் சாம் லோவுக்கு 2013-இல் 240 மணி நேரச் சமூக சேவை விதித்தார்கள். ஆனால் பிரிஸ்பனிலும் யாரும் நினைத்த நேரத்தில் தூரிகையோடு தெருவுக்கு வந்துவிட முடியாது. 1999-இலிருந்து நடக்கும் திட்டம் அது. வரைய விரும்புபவர் தன் படத்தை நகர மன்றத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகுதான் பெட்டியைத் தொடலாம். அனுமதி அங்கேயும் வேண்டும். ஆனால் படம் வரைகிறவருடையது.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பல வருடங்களுக்கு முன் ஒரு சமூக ஓவிய நாள் நடந்தது. நாங்கள் போனபோதே சுவரில் கோடுகள் போட்டு முடித்திருந்தார்கள். கட்டத்துக்குக் கட்டம் ஓர் எண், எண்ணுக்கு ஒரு சாயக் கிண்ணம், நான்காம் எண் ஊதா. எங்கள் மாடியில் இருந்த பாட்டிக்கு ஆர்க்கிட் இதழ் ஒன்று கிடைத்தது. நீ சூன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். இதழை ஒழுங்காக நிரப்பினார். அப்புறம் தூரிகையைக் கீழே வைக்காமல், ஓரத்தில் வெறுமனே கிடந்த சுவரில் ஊதா நிறத்திலேயே ஒரு மரம் போட்டு, அதில் சாய்வாக ஒரு வெட்டு, வெட்டின் அடியில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு ஒன்றும் வரைந்தார். பக்கத்தில் நின்ற சீனப் பையன் ஏதோ கேட்க, பாட்டி சந்தைப் பேச்சான பாசார் மலாயில் சொல்ல ஆரம்பித்தார். இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே, அப்படி வெட்டினால்தான் பால் நிறைய இறங்கும், விடியும் முன்னே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும், கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குப் புண். (பட்டைக்குள் பால் நாளங்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுவதால்தான் அந்தச் சாய்வு என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.) பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கிண்ணங்களை மறந்துவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள்.

சாயங்காலம் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து அந்த மரத்தின்மேல் வெள்ளை அடித்தார். படத்தில் இது இல்லையே என்றார். நானும் அங்கேதான் நின்றேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பாட்டி பார்த்துவிட்டு, "சுவர் அவங்களோடதும்மா, விடு" என்றார். என்னால் இன்றுவரை விட முடியவில்லை.

ஊரார் கையில் தூரிகையைக் கொடுத்துவிட்டு, என்ன வரையலாம் என்று அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் அதற்குச் சமூக ஓவியம் என்று பேர் வைக்கக் கூடாது. சாயம் அடிக்க ஆள் பிடித்தார்கள், அவ்வளவுதான். கோடு போடும் முன்னால் கேட்க வேண்டும். நான்கு பிள்ளைகள் கைகோத்து நிற்பதில் எனக்குக் குறையே இல்லை, அதே நான்கு பிள்ளைகள் எல்லா ஊரிலும் நிற்பதுதான் குறை. உங்கள் ஈசூன் என்ற பெயரே ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட லிம் நீ சூனின் பெயரை மாண்டரினில் சொல்வதுதானே! அங்கே இருக்கும் பெட்டியில் ஒரு பால்மரம் கூடவா இல்லை?

உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. பெட்டிக்குச் சாயம் அடித்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? மின்தூக்கி பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள், பார்த்துக்கொண்டே மேலே போயிருப்பீர்கள். எல்லாம் முடிந்த பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். மகன் திரும்பிப் பார்க்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள் தம்பி, அந்தப் பிள்ளைக்கு நல்ல கண்.

சுவரோவியம் கேட்டீர்களே, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குக் கூட்டிப் போங்கள். பெலிலியோஸ் சந்தில் பழைய தொழில்களை வரைந்த சுவர் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கெர்பாவ் சாலையைக் காட்டி, கெர்பாவ் என்றால் மலாயில் எருமை என்றும், அந்தப் பக்கம் மாட்டு வியாபாரம் நடந்தது என்றும் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால், உங்கள் புளோக்கில் தோட்டத்து நாட்கள் நினைவிருக்கும் பெரியவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் மகனை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்த முறை அந்தப் பெட்டிக்குச் சாயம் அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், கோடு போடும் முன்பே எனக்கு எழுதுங்கள். நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா