ரெட் லைட் கேமரா வெச்சா நகராட்சிக்கு லாபமா, நஷ்டமா?

"கேமராவ மாட்டிட்டா போதும், ஃபைன் காசு தானா கொட்டும்தானே"ன்னு கேட்டிருக்கீங்க. கொட்டும், ஆனா ரொம்ப நாளைக்குக் கொட்டாது. சிவப்பு லைட்ட மீறிப் போற வண்டியப் படம் புடிக்கிற இந்த கேமரா ஒழுங்கா வேலை செஞ்சா வண்டிக்காரங்க சிக்னல்ல நிக்க ஆரம்பிச்சுடுவாங்க, நின்னுட்டா ஃபைன் எங்கேர்ந்து வரும்? செலவு மட்டும் மாசாமாசம் அப்படியே நிக்கும்.

செலவுன்னா வெறும் கேமரா பொட்டி இல்ல. வண்டி கோட்டத் தாண்டுறத கண்டுபிடிக்க ரோட்டுக்கு அடியில சென்சாரோ மேல ரேடாரோ வேணும், அப்புறம் ஒவ்வொரு படத்தையும் ஒரு ஆள் உக்காந்து பாக்கணும், நம்பர் பிளேட் தெரியாததெல்லாம் கழிச்சு கட்டணும், வண்டி ஓனர் யாருன்னு தேடி நோட்டீஸ் அனுப்பணும், நான் கட்ட மாட்டேன்னு ஒருத்தர் நின்னா அதுக்கு ஒரு விசாரணை. அமெரிக்காவுல பெரும்பாலும் இதையெல்லாம் தனியார் கம்பெனிகிட்ட விட்டுடுறாங்க. ஒரு கேமராவுக்கு மாசம் 4,000லேர்ந்து 5,000 டாலர் வாடகைன்னு போட்ட ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. ஃபைன் 50 டாலர்னு வெச்சுக்கங்க (நியூயார்க்ல அவ்வளவுதான்), 5,000 டாலர் வாடகைய எடுக்கவே மாசம் 100 பேர் மாட்டி, மாட்டுனவங்க ஒழுங்கா பணமும் கட்டணும்.

கட்டலேன்னா? லாஸ் ஏஞ்சல்ஸ்ல அதான் ஆச்சு. கலிஃபோர்னியாவுல கூடுதல் கட்டணமெல்லாம் சேத்தா ஃபைன் 490 டாலர் கிட்ட வரும், ஆனா மாநிலம், கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), கோர்ட்னு பிரிஞ்சு நகரத்துக்கு வர்றது ஒரு பகுதிதான். அதுவும் கட்டாதவங்கள அங்க இருந்த கோர்ட் துரத்தவே இல்ல. வருஷத்துக்கு பத்து லட்சம் டாலருக்கு மேல நஷ்டம்னு சொல்லி 2011ல திட்டத்தையே மூடிட்டாங்க.

எனக்கு உறுத்துறது நஷ்டம் இல்ல, அந்த நஷ்டத்த சரிகட்ட வர்ற ஆசைதான். பட்ஜெட்ல ஃபைன் காசுன்னு ஒரு தொகைய எழுதிட்டா அப்புறம் ஜனங்க தப்பு பண்ணாதான் கணக்கு சரியா வரும். சிகாகோவுல 3 செகண்ட் இருக்க வேண்டிய மஞ்சள் லைட் 2.9 செகண்ட்ல முடிஞ்சிருந்தாலும் பரவால்ல, டிக்கெட் (அதாவது ஃபைன் நோட்டீஸ்) அனுப்புன்னு 2014ல விதிய தளர்த்தினாங்க. அந்த 0.1 செகண்ட்ல மட்டும் சுமார் 77,000 டிக்கெட், 77 லட்சம் டாலர். அதே ஊர்ல இந்த கேமரா திட்டத்த கவனிச்ச அதிகாரி ஜான் பில்ஸ், அந்த கேமராக்கள நடத்தின ரெட்ஃப்ளெக்ஸ் கம்பெனிகிட்ட லஞ்சம் வாங்கின வழக்குல 2016ல 10 வருஷம் ஜெயில். இத்தனைக்கும் மஞ்சள் லைட்ட ஒரு செகண்ட் நீட்டினாலே மீறல் பாதியா குறையுதுன்னு டெக்சாஸ்ல ஆய்வு பண்ணி சொல்லியிருக்காங்க, அதுக்கு செலவும் ஒண்ணும் பெருசா இல்ல!

அப்போ கேமராவே வேஸ்ட்டான்னா, அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை 2005ல ஒரு ஆய்வு வெளியிட்டுது, குறுக்க வந்து பக்கவாட்டுல இடிக்கிற விபத்து சுமார் 25 சதவீதம் குறைஞ்சிருக்கு, திடீர்னு பிரேக் போட்டு பின்னாடி வர்றவன் மோதுறது 15 சதவீதம் கூடியிருக்கு. பக்கவாட்டுல இடிக்கிறதுதான் ஆளக் கொல்லும், அதனால கூட்டிக் கழிச்சா ஒரு சந்திப்புக்கு வருஷம் கிட்டத்தட்ட 39,000 டாலர் மிச்சம்னு போட்டிருந்தாங்க. ஆனா இந்த மிச்சம் நகராட்சி கஜானாவுக்கு வராது, ஆஸ்பத்திரி பில்லு கட்டாம தப்பிச்ச குடும்பத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும்தான் போகும். கவுன்சில் கூட்டத்துல இந்த கணக்க பேசவே ஆள் இருக்காது, ஃபைன் வசூல் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க.

உங்க பக்கம் இந்த மாதிரி ஒப்பந்தம் வந்தா கம்பெனிக்கு டிக்கெட் கணக்குல பணமா, மாச வாடகையான்னு மொதல்ல பாருங்க. டிக்கெட் கணக்குல குடுக்கக்கூடாதுன்னு கலிஃபோர்னியாவுல சட்டமே இருக்கு. அடுத்தது, பாதியில வெளிய வந்தா என்ன ஆகும்னும் பாருங்க. ஹூஸ்டன்ல 2010ல ஜனங்க ஓட்டு போட்டு கேமராவ வேணாம்னாங்க, நகரம் கம்பெனிக்கு 48 லட்சம் டாலர் குடுத்து சமரசம் பண்ணித்தான் அதுலேர்ந்து வெளிய வந்துது.