ராபர்ட் பிளான்ட்டின் தனிவழி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளான்ட் தனியாக வெளியிட்ட இசைத்தொகுப்புகளைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். கலைந்துபோன குழு மீண்டும் ஒன்றுகூடிய 2007 லண்டன் நிகழ்ச்சிக்குப் பிறகு மற்றவர்கள் தயாராக இருந்தும் அவர் சுற்றுப்பயணத்துக்கு மறுத்தது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் இல்லையா? குழுவின் புகழில் வாழ்ந்துகொண்டு குழுவையே தவிர்ப்பது என்ன நியாயம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பரில் இறந்தார். அவரில்லாமல் தொடர இயலாது என்று குழு அந்த டிசம்பரிலேயே அறிவித்தது. பிளான்ட்டுக்கு அவர் இளமைக்காலத் தோழரும்கூட. 1982இல் முதல் தனித்தொகுப்பை வெளியிட்ட பிளான்ட், மறு ஆண்டு பில் காலின்ஸ் டிரம்ஸ் வாசிக்க மேடையேறியபோது செப்பலின் பாடல்களைத் தொடவே இல்லை. புகழில் வாழ நினைப்பவர் செய்கிற காரியமா அது?

அதற்காக எண்பதுகளில் அவர் செய்தவை எல்லாம் தேறும் என்று சொல்ல மாட்டேன்; 1985 தொகுப்பின் சிந்தசைசர் ஒலிகளை இன்று கேட்கப் பொறுமை வேண்டும். பழையவற்றை அவர் ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. 1994இல் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜுடன் சேர்ந்து, மொராக்கோ, எகிப்து இசைக்கலைஞர்களைத் துணைக்கழைத்து, அதே பாடல்களுக்கு வேறொரு உடல் கொடுத்தார்.

2007ஐக் குரலை வைத்தே பார்க்க வேண்டும். இருபது வயதில் வீறிட்டு உச்சத்தைத் தொட்ட குரல் ஐம்பத்தொன்பதில் அப்படியே இருக்காது. லண்டனில் பான்ஹமின் மகன் ஜேசன் டிரம்ஸ் வாசித்த அந்த இரவிலேயே சில பாடல்களுக்குச் சுருதியை இறக்கியிருந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைவகையின் பாடகி அலிசன் கிராஸுடன் அவர் பாடிய தொகுப்பு வெளிவந்திருந்தது. டி போன் பர்னெட் தயாரித்த அதில், தன் விருப்பப்படி பாட்டை வளைத்துப் பழகிய மனிதர், இன்னொரு குரலின் அருகில், அதன் நீளத்துக்கும் மூச்சுக்கும் இணங்கி, தணிந்து பாடுகிறார். 2009இல் அதற்கு ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபதை நெருங்கும்போது ஒருவர் பாடுவதைப் புதிதாகக் கற்றுக்கொண்டதே எனக்கு முக்கியம். சுற்றுப்பயணம் போயிருந்தால் அந்தக் குரலை விட்டுவிட்டு, ஒவ்வொரு இரவும் தன் இருபது வயதுக் குரலைத் துரத்தியிருப்பார்.

பேஜும் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸும் வேறு பாடகர்களை வைத்து ஒத்திகை பார்த்துப் பிறகு கைவிட்டார்கள். அவர்களுடைய ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ரசிகர்களுக்கு அவர் கடன்பட்டிருக்கிறார் என்ற கணக்குத்தான் புரியவில்லை.