புதைக்கும் பெட்டி எத்தனை காலம் தாங்கும்?

கேள்வி: எங்கள் பள்ளியின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, மாணவர்களின் எழுத்துகளையும் புகைப்படங்களையும் பென்டிரைவில் பதிந்து, எவர்சில்வர் பெட்டியில் வைத்து வளாகத்தில் புதைக்க எண்ணியுள்ளோம். மனித இனமே அற்றுப்போன பிறகும் அது எஞ்ச வேண்டும் என்பது மாணவர்களின் ஆசை. எதில் எழுதினால் அவ்வளவு காலம் நிற்கும்?
– தலைமையாசிரியர், கும்பகோணம் அருகே

பதில்: பென்டிரைவை முதலில் விலக்கிவிடுங்கள். அதில் தகவல் மின்னூட்டமாகத்தான் தேங்கியிருக்கிறது. பயன்பாடின்றிக் கிடந்தால் சில பத்தாண்டுகளுக்குள் அது கசிந்துவிடும். எவர்சில்வர் பெட்டி ஈரமும் உப்பும் கலந்த மண்ணில் பற்றவைத்த விளிம்புகளிலிருந்து அரிக்கத் தொடங்கும். நம் தட்பவெப்பத்தில் ஓலைச்சுவடியே சில நூற்றாண்டுகளைத் தாண்டுவது அரிது. சுட்ட மண்ணின் கதை வேறு. சூளையின் வெப்பத்தில் களிமண் துகள்கள் இளகி ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால், துருப்பிடிக்கவோ மட்கவோ அதில் ஏதும் இல்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் கீறப்பட்ட பெயர்களை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மால் படிக்க முடிவது அதனால்தான். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் 2012 முதல் மனிதகுல ஆவணங்களைச் சேர்த்துவரும் திட்டமும் பீங்கான் தகடுகளையே நம்புகிறது.

ஆனால் மனித இனத்துக்குப் பிந்தைய காலம் என்றால் கணக்கு ஆயிரங்களை விட்டுக் கோடிகளுக்குப் போகிறது. அங்கே பொருளைவிட இடமே முக்கியம். உயர்ந்த நிலம் மழையிலும் காற்றிலும் தேய்ந்து கடலுக்குப் போகும். தாழ்ந்து வண்டல் படியும் நிலமே எதையும் மூடிக் காக்கும். அந்த வகையில் உங்கள் பள்ளி நல்ல இடத்தில்தான் இருக்கிறது. காவிரிப் படுகையின் அடியில் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் படிவுகள் உள்ளன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், டைனோசர்கள் வாழ்ந்த கிரட்டேசியஸ் காலத்து மரம் ஒன்று கல்லாகிக் கிடப்பதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். ஆழமற்ற கடலுக்குள் அடித்துவரப்பட்ட அந்த மரம், மட்குவதற்குள் சேற்றில் மூடப்பட்டது. நீரில் கரைந்திருந்த சிலிகா என்ற மணற்கனிமம் சிறிது சிறிதாக மரத்தின் இடத்தைப் பிடித்தது. 18 மீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டு கல்லாகிவிட்டாலும், மரத்தின் வடிவம் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

மனித இனத்தின் மிச்சமும் பெரும்பாலும் இவ்வாறே, நாம் விரும்பித் தேர்ந்தெடுக்காத பொருள்களிலேயே இருக்கும். ஆண்டுதோறும் 6,000 கோடிக்கு மேல் கறிக்கோழிகள் வெட்டப்படுகின்றன. காட்டுக்கோழியின் காலெலும்பைவிட மிகத் தடித்த அவற்றின் எலும்புகள் காற்றுப் புகாத குப்பைக் கிடங்குகளில் உலகெங்கும் ஒரே காலத்துப் படிவில் சேர்கின்றன. கோலார் தங்கவயலில், தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக வெட்டிச் சென்ற சுரங்கங்களை மேற்பரப்பு அரிப்பு எளிதில் எட்டாது.

இவற்றைவிட உறுதியானது வேதியியல் தடயம். 1945 முதல் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் உலகெங்கும் தூவிய புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அது சிதைந்த பிறகும் யுரேனியம்-235 ஆக மாறி நிற்கும். அவ்வளவு நுண்ணிய தடயத்தை யார் கவனிப்பார்கள் என்று தோன்றலாம். ஆப்பிரிக்காவின் கபோன் நாட்டில், ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தில் 0.720 சதவீதம் இருக்க வேண்டிய யுரேனியம்-235, 0.717 சதவீதமே இருப்பதை 1972இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தச் சிறு குறைவைப் பின்தொடர்ந்தே, சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இயற்கையான அணு உலை ஒன்று எரிந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நாம் விரும்பி அனுப்பிய செய்தியாகவே எஞ்சப்போவது விண்வெளியில் இருக்கிறது. 1976இல் ஏவப்பட்ட லேஜியோஸ் செயற்கைக்கோள் கண்டங்களின் வரைபடம் பொறித்த தகட்டுடன் சுமார் 84 லட்சம் ஆண்டுகள் சுற்றும் என மதிப்பிடப்படுகிறது. 1977இல் கிளம்பிய வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் இருக்க, தமிழ் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆகவே, விருத்தாசலத்தின் பீங்கான் சூளை ஒன்றில், சுடுவதற்கு முன்பே எழுத்துகளை ஆழமாகக் கீறி, தடிமனான தகடுகளாகச் செய்து வாங்குங்கள். மேலே வண்ணத்தில் அச்சிடுவது போதாது. தகடுகளுக்கு இடையே மணல் நிரப்பினால் உலோகப் பெட்டியே தேவையில்லை. மேட்டூர் அணை கட்டிய 1934க்குப் பின் காவிரி கொண்டுவரும் வண்டல் குறைந்துவிட்டதால், ஆறு மூடிக்கொள்ளும் என்று காத்திராமல் மரவேருக்கும் கட்டட அடித்தளத்துக்கும் கீழே போகும் அளவுக்கு நீங்களே ஆழமாகப் புதையுங்கள். படங்களையும் காகிதங்களையும் வேண்டுமானால் ஐம்பதாண்டில் திறக்கத் தனியாக வையுங்கள். திறக்கும் ஆண்டைப் பள்ளிப் பதிவேட்டில் தெளிவாக எழுதிவிடுங்கள். 1973இல் தில்லி செங்கோட்டையில் ஆயிரம் ஆண்டுகளுக்கென்று புதைத்த பெட்டகத்தை, ஆட்சி மாறியதும் 1977இலேயே தோண்டி எடுத்துவிட்டார்கள்.