இரவு 11 மணிக்கு வரும் பசி

சின்ன வயதில் வீட்டில் பட்டது, வளர்ந்த பிறகு சாப்பாட்டைக் கெடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் விஷயத்தில் கெடுத்தது.

எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். கொஞ்சம் நடந்தால் கேரளம். அப்பா ரப்பர் பால் வெட்டப் போவார். விடியும் முன் போனால் மதியத்துக்குள் வேலை முடியும், மீதிப் பொழுது குடி. ராத்திரி எட்டு மணி வாக்கில் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டும் சத்தம் கேட்கும். அதற்குள் நானும் அக்காவும் தின்று கை கழுவியிருக்க வேண்டும். முடிக்காத நாளில் தட்டு முற்றத்தில் கிடக்கும். ஒருநாள் சுவரில் வழிந்த சாளை மீன் கறியின் மஞ்சள், வெள்ளையடிக்கும் வரை போகவில்லை.

அவர் தூங்கியதும் 11 மணிக்கு அம்மை எங்களை எழுப்புவாள். விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, மயக்கிய, அதாவது வேகவைத்து மசித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மிச்ச மீன்கறியும். "மக்களே, சத்தம் போடாம தின்னு." அந்த ருசி அப்புறம் எங்கேயும் கிடைக்கவில்லை. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

இப்போது எனக்கு 41 வயது. திருவனந்தபுரத்தில் வேலை. காலையில் ஒரு தோசை இறங்காது. மதியச் சோறு நாலு நிமிடம். வீடு அடங்கியதும் ஃபிரிட்ஜைத் திறந்து நின்றபடியே பழைய சோறு, பிள்ளையின் பிஸ்கட், கையில் கிடைத்தது எல்லாம். அங்குள்ள ஒரு மனநல மருத்துவர் முதல்நாள் "அப்போ விசக்குந்நுண்டோ?" என்று கேட்டார். பசிக்கிறதா என்ற அந்தச் சின்னக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தட்டைப் பிடுங்க ஆள் வராத நேரம் என்று உடம்பு அந்த மணியைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

காலையில் பசியின்மை, இரவில் தீனி, தூக்கக் கெடுதல் இம்மூன்றும் சேர்ந்து வருவதை ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க மருத்துவர் 1955-லேயே எழுதியிருக்கிறார். வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980-களில் சான்டியாகோவில் உடல் பருமனுக்குச் சிகிச்சை நடத்தியபோது, நன்றாக எடை குறைந்துவந்தவர்களே பாதியில் விலகினார்கள். ஏனென்று பேசிப் பார்த்ததில், பலர் சிறுவயதில் கொடுமைப்பட்டவர்கள். அதிலிருந்து கிளம்பிய, சிறுவயதுக் கொடுமைக்கும் பின்னாளைய உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைத் தேடிய பெரிய ஆய்வு 1998-ல் வெளிவந்தது. வீட்டில் குடி, தாய்க்கு அடி எல்லாம் அதில் கணக்கு.

ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. என் அக்கா ராத்திரி எதையும் தொடமாட்டாள். பக்கத்தில் யாராவது குரல் உயர்த்தினால் மட்டும் கையிலிருக்கும் உருண்டை அப்படியே நின்றுவிடும்.

எனக்கு மருத்துவர் சொன்னது பட்டினி இல்லை, நேர்மாறு: பசித்தாலும் பசிக்காவிட்டாலும் காலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பகலில் வயிறு நிறைந்தால் இரவு பாதி அடங்கும். வாரத்தில் நாலைந்து நாள் அடங்குகிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல சேவை, இலவசம், தமிழிலும் பேசலாம்.

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஊருக்குப் போனால் அம்மை இப்போதும் 11 மணிக்கு அடுக்களை லைட்டைப் போடுகிறாள். "மக்களே, கிழங்கு இருக்கு." வேண்டாம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. ஆனால் அவளையும் உட்காரவைத்துத்தான் தின்கிறேன்.